பல்லை இறக்கிய பிறகு

முதலில் பல்லை இறக்க வேண்டும்.
ஊசித்தட்டின் கீழே
துணியைக் கவ்வி நேராக இழுத்துப்போகிற
இரண்டு வரிசை இரும்புப் பல்.
அது கீழே போய்விட்டால்
மெஷினுக்கு வழி தெரியாது.
நின்ற இடத்திலேயே ஊசி குத்திக்கொண்டிருக்கும்,
கோபக்காரக் கொக்கு சேற்றைக் குத்துவது போல.
நகர்த்துவது இனி என் வேலை.

இருபத்தோரு வருஷம் நேராகத்தான் தைத்தேன்.
ரெட்டியார்பாளையத்துப் பாதி ஜன்னலில்
என் மடிப்புதான் ஆடுகிறது.
தலையணை உறை, பாவாடை நாடா,
பள்ளிக்கூட டவுசரின் பின்பக்கக் கிழிசல்.
நேர்கோட்டுக்குக் கூலி உண்டு.
இந்தக் கோணலுக்கு யார் தருவார்?

மூன்று அடுக்கு.
மேலே ஊசுடு ஏரி,
பேரிலேயே ஊசியை வைத்திருக்கிற ஏரி;
நாலு புடவைகளின் சாம்பலும் பாசிப்பச்சையும்.
நடுவில் பஞ்சு.
அடியில் அவருடைய வேட்டி.
"போர்த்திக்கவா, மாட்டவா?" என்று கேட்டார் அந்துவான்.
"முடிந்தால் சொல்கிறேன்" என்றேன்.

பாங்கில் நோட்டு எண்ணுகிற ரப்பர் உறையை
எட்டு விரலிலும் மாட்டிக்கொண்டு
துணியைத் தள்ளுகிறேன்.
கால் முந்தினால்
தையல் கடுகு கடுகாய் நெருங்கும்.
கை முந்தினால்
நூல் நீண்டு பல்லிளிக்கும்.
நீர்க்காகம் இரண்டே மூச்சில் வந்தது,
இறக்கையை விரித்துக் காயப்போட்டபடி.
முக்குளிப்பானைத் தைக்கவில்லை.
அது முங்கிவிட்டது.
வட்டம் வட்டமாய்த் தண்ணீரை மட்டும் தைத்தேன்.

பிறகு நீலத்தாழைக்கோழி.
உடம்புக்குக் கல்யாணப் பட்டின் முந்தானை,
கத்தரிப்பூவும் மயில்நீலமும் கலந்து கிடந்தது.
நெற்றிக்குத்தான் சிவப்பு இல்லை.
நேரு வீதியில் ஏழு கடை ஏறினேன்.
ஒன்று மிளகாய்த்தூள்,
ஒன்று நகப்பூச்சு.
வெயிலும் மழையும் பட்டுப் பட்டுப்
பிடிவாதமான சிவப்பு ஒன்று
பீரோ மேலேயே இருந்தது:
முப்பத்திரண்டு வருஷம்
போலீஸ்காரர் தலையில் இருந்த தொப்பி.

ஏப்ரலில் ஓய்வு பெற்றதிலிருந்து
"தூக்கிப் போடு" என்று இரண்டு தரம் சொன்னார்.
இரண்டு தரமும்
குப்பைக்கூடையிலிருந்து அவரே எடுத்து வைத்தார்.
மத்தியானம் மூன்று மணி. தூங்குகிறார்.
கத்தரிக்கோலுக்கு அது மட்டும்தான் தெரியவேண்டியிருந்தது.

அட்டையை உரித்தேன்.
பழைய கோந்து கல்லாய் இறுகியிருந்தது.
பதினாலாம் நம்பர் ஊசி
முதல் குத்திலேயே உடைந்து
ஜன்னல் கண்ணாடியில் போய்த் தெறித்தது.
"ரொசாலி?"
வந்து நின்றார்.
தொப்பியைப் பார்த்தார், அதாவது
தொப்பி இருந்த இடத்தை.
பிறகு துணியை.
"நெற்றியா?"
"நெற்றி."
மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது, நான் எண்ணினேன்.

"கால் தப்பு" என்றார்.
"தப்பா?"
"விரல் இன்னும் நீளம். ராத்திரி ரோந்தில் பார்த்திருக்கேன்.
ஆகாயத்தாமரை மேலேயே நடக்கும்.
தூக்கும்போது விரலை மூடும்,
வைக்கும்போது ஒவ்வொன்றாய் விரிக்கும்."
சொன்னது போதாதென்று
லுங்கியை முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு
மொசைக் தரையில் நடந்து காட்டினார்.
அடிக்கு ஒரு முறை
தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்துப்
பின்னால் ஒரு சுண்டு.
அதுதான் வால்.

பதினாறாம் நம்பர் ஊசி போட்டு
மிதித்தேன்.
துணியைப் பார்க்கவே இல்லை.
அவர் பாதத்தைப் பார்த்தேன், கை தானாகப் போனது:
தூக்கி, மூடி, விரித்து, வைத்து,
பூரான் மாதிரி நகர்கிற பழைய வீக்கக் கணுக்கால்,
பூட்ஸ் தேய்த்துக் கறுத்த சுண்டுவிரல்.
ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தார்.
மூச்சு வாங்கியது இரண்டு பேருக்கும்.

நூலை வெட்ட இழுத்தேன்.
கால் முழுவதும் கையோடு வந்துவிட்டது.
கீழே பாபின் எப்போதோ தீர்ந்திருக்கிறது.
அத்தனை நடையும்
அடிநூல் பிடிக்காத வெறும் குத்து.
ஏரிச் சேற்றுப் பழுப்பில்
சின்னச் சின்னத் துளைகள் மட்டும்
கரையிலிருந்து உள்ளே போயிருந்தன.

தேய்த்தால் மூடிக்கொள்ளும்.
தேய்க்கவில்லை.
பாபினில் ஆரஞ்சு நூலைச் சுற்றியபடி
"இன்னொரு தரம் நடங்க" என்றேன்.
துண்டைச் சரிசெய்தார், ஜன்னல் பக்கம் திரும்பினார்,
அங்கேயே நின்றார்.
"எந்தக் காலை முதலில் தூக்கினேன்?"